ஒன்பது பூச்சு

ஐப்பசி அடைமழை ஊரைப் பிடித்துக்கொண்ட ஆறாம் நாள், புன்னைத்துறையில் ஞானப்பூ என்ற ஒருத்தி தன் வீட்டுச் சாய்ப்புக்கு அடியில் உட்கார்ந்து, புருசன் விட்டுப்போன படகு எஞ்சினின் நீலப் பெயிண்டைத் தகட்டால் சுரண்டத் தொடங்கியபோது, அவள் வீட்டு முற்றத்தில் மட்டும் மழை நின்று வைகாசி மாச வெயில் அடித்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் தெருவில் மழை கம்பி கம்பியாக விழுந்துகொண்டிருந்தது. ஞானப்பூ கையை நிறுத்தி ஒரு நிமிசம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போய், ஆறு நாளாகக் காயாமல் நாறிக் கிடந்த சேலைகளை அள்ளிக்கொண்டு வந்து முற்றத்துக் கொடியில் விரித்துப் போட்டுவிட்டு, திரும்பவும் எஞ்சின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். வேலை நிறையக் கிடந்தது.

அந்த எஞ்சின் பதினோரு வருசமாக அங்கேதான், இரண்டு பனங்கட்டை மேல், தார்ப்பாய் மூடி இருந்தது. வள்ளத்தை அவள் மூன்றாம் வருசமே விற்றுவிட்டாள். எஞ்சினை விற்க மனம் வரவில்லை. மாசத்துக்கு ஒருமுறை தார்ப்பாயை நீக்கி, டீசல் நனைத்த துணியால் துடைத்து, கைப்பிடியைப் போட்டு நாலு சுற்றுச் சுற்றி, உள்ளே துருப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டாள். நண்டு உரிக்கிற கம்பெனியில் காலை ஷிப்ட் முடிந்து வந்தால் அவளுக்கு வேறு யாரையும் கவனிக்க வேண்டியிருக்கவில்லை. இப்போது கூரை ஓடு பாதி போய்விட்டது, அடுக்களையில் மூன்று இடத்தில் பாத்திரம் வைத்துத்தான் சமையல். ஓடு மாற்ற வேறு வழியில்லாமல் எஞ்சினை விற்பதென்று முடிவு செய்தாள். தெற்கே மணப்பாட்டுப் பக்கத்திலிருந்து ராயப்பன் என்று ஒருவர் எஞ்சின் பார்க்க வந்தார். அவர் நாலு சுற்றுச் சுற்றி, காதை வைத்துக் கேட்டு, தலையாட்டிவிட்டுச் சொன்னார்:

“உள்ள தங்கம் மாதிரி இருக்கு தாயி. ஆனா வெளித்தோலப் பாத்தா என் பங்காளிவ ஒத்துக்கிட மாட்டானுவ. பழைய பெயிண்டச் சுத்தமா எடுத்துட்டுப் புதுசா அடிச்சு வைங்க. பொங்கல் கழிஞ்சு வண்டியோட வாரேன்.”

பட்டறையில் கொடுத்துப் பெயிண்ட் அடிக்க அவளுக்கு வசதி இல்லை. வளைவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் கஸ்பார் அண்ணனிடம் போய்க் கேட்டாள். அவர் பெரிய மனசோடு வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டார். “பெயிண்ட் ரிமூவரெல்லாம் உமக்கு எதுக்கு. மண்ணெண்ணெய போட்டு எண்ணெய் பிசுக்க எடும். பட்டித் தகட்டால சுரண்டும். பொறவு கம்பி பிரஷு, அதுக்குப் பொறவு உப்புத்தாளு. கையி வலிக்கும், அவ்வளவுதான்” என்றார். தகடும் நாலு உப்புத்தாளும் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தாள். சைலன்சர் வாயிலும் காற்று இழுக்கிற துவாரத்திலும் துணியை அடைத்தாள். எஞ்சின் பக்கவாட்டில் இருந்த கம்பெனிப் பேர்த் தகட்டில், யாருக்கும் படிக்கத் தெரியாத ஏதோ ஒரு நாட்டு எழுத்து இருந்தது. அதன்மேல் கிரீஸ் தடவி மறைத்தாள். பிறகுதான் அந்த வெயில் வந்தது.

சாயங்காலம் நீலத்தூளைக் கூட்டி முறத்தில் அள்ளியதும் வெயில் போய்விட்டது, மழை பழையபடி முற்றத்தில் இறங்கியது. அதற்குள் அது எந்த நாளின் வெயில் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. காற்றே இல்லாத வெயில். பனை ஓலைகூட அசையாத வெயில். பதினோரு வருசத்துக்கு முன்னால், அருளப்பன் காலையில் எஞ்சினுக்கு நீலம் அடித்து முடித்து, கையை மண்ணெண்ணெயில் கழுவி, சோறு தின்று, நாலு மணி பஸ்ஸில் பை ஒன்றோடு ஏறி பஹ்ரைனுக்கு மீன்பிடி வேலைக்குப் போன நாள் அது. ஒரு வருசத்தில் வந்துவிடுகிற ஆள் அடிக்கிற மாதிரித்தான் அடித்துவிட்டுப் போனான்.

இரண்டு வருசம் போன் வந்தது. மூன்றாம் வருசம் நல்லநாள் பெரியநாளில் மட்டும் வந்தது. பிறகு அந்த நம்பரை வேறு யாரோ எடுத்துப் புரியாத பாஷையில் பேசினார்கள். அங்கிருந்து திரும்பி வந்த ஒருவன், அருளப்பனைச் சந்தையில் பார்த்ததாகவும், தேய்த்த சட்டை போட்டு நன்றாக இருந்ததாகவும் சொன்னான். ஊரைப் பற்றி என்ன கேட்டார் என்று ஞானப்பூ விசாரித்தாள். ஒன்றும் கேட்கவில்லை என்றான். அவன் பொய் சொல்லத் தெரியாதவன்.

அன்று வெயிலில் சுரண்டிக்கொண்டிருந்தபோது மூன்று தடவை அவள் வாசல் தட்டியைத் திரும்பிப் பார்த்தாள். வெயில் வந்திருக்கிறதே, கூட யாரும் வந்திருப்பார்களோ என்று பார்த்தது அது. தட்டிக்கு வெளியே மழைதான் நின்றது.

ஊருக்கு விசயம் தெரிய ஒருநாள் கூட ஆகவில்லை. அடைமழையில் ஒரு வீட்டுக் கொடியில் சேலை காய்ந்து மொடமொடவென்று கிடந்தால் பெண்கள் பார்க்காமல் இருப்பார்களா. மறுநாள் காலையில் கருவாடு போடுகிற தெரேசம்மாள் இரண்டு கூடை ஈரக் கருவாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து முற்றத்தில் இறக்கினாள். “ஏ ஞானப்பூ, நீலத்துல இன்னும் மிச்சம் இருக்கா?” என்று கேட்டாள். எஞ்சினின் அடிப்பக்கத்தில் ஒரு கையளவு இருந்தது. “மெதுவாச் சுரண்டு, மத்தியானம் வரைக்கும் வச்சு ஓட்டு” என்றாள். மத்தியானத்துக்குள் முற்றம் முழுக்க ஓலைப்பாயும் கருவாடுமாக நிறைந்து, கால் வைக்க இடமில்லாமல் போயிற்று.

எப்படி, எதனால் என்று கேட்டவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர். மலிவுப் பெயிண்டு என்றால் அப்படித்தான், ஈரத்தையும் வெயிலையும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று கஸ்பார் அண்ணன் சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது. எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்பதில்தான் எல்லோருக்கும் அக்கறை. இரண்டு மூன்று நாளில் அதையும் கண்டுபிடித்துவிட்டார்கள். சுரண்டுகிற சத்தம் எவ்வளவு தூரம் கேட்கிறதோ அவ்வளவு தூரம் அந்த நாள் பரவும். தூளைக் கூட்டி அள்ளுகிற வரைக்கும் இருக்கும். தெரேசம்மாள் ஒரு பொட்டலம் தூளை யாருக்கும் தெரியாமல் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தூவிப் பார்த்தாள். அங்கே ஒன்றும் நடக்கவில்லை, கருவாட்டில் நீலம் ஒட்டியதுதான் மிச்சம்.

நீலத்துக்குக் கீழே செங்கல் நிறம் இருந்தது, அதில் நல்ல கச்சான் காற்று வீசியது; வலை உலர்த்துகிறவர்கள் வந்தார்கள். அதற்குக் கீழே கறுப்பு இருந்தது. அதில் புழுக்கமும் மோடம் போட்ட வானமும் மட்டும்தான் என்பதால் ஒருவரும் வரவில்லை, அன்றைக்கு அவள் தனியாகச் சுரண்டினாள். ஒவ்வொரு பூச்சு வெளியே வரும்போதும் படகுக்காரர்கள் வேலியோரம் நின்று காற்றை முகர்ந்து, இது மத்தி அள்ளிய வருசத்துக் காற்று, இல்லை இது கொடிமரம் நட்ட வருசம் என்று வாதாடினார்கள். ஞானப்பூவைக் கேட்டால் சரியாகச் சொல்லியிருப்பாள். ஏனென்றால் அருளப்பன் நேரம் காலம் பார்த்துப் பெயிண்ட் அடிக்கிறவன் இல்லை. வீட்டில் சண்டை வந்தால் அடிப்பான். அவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை திட்டமாட்டான். விடிந்ததும் கடலுக்குப் போகாமல் எங்கிருந்தாவது ஒரு டப்பா பெயிண்ட் வாங்கிவந்து எஞ்சின் முன்னால் உட்கார்ந்துவிடுவான். காய்வதற்குள் கோபம் ஆறிவிடும். ஊருக்கு அவை காற்றும் வெயிலும். அவளுக்கு ஒவ்வொன்றும் அவன் பேசாமல் இருந்த ஒரு நாள்.

பங்குச் சாமியார் ஒரு ஞாயிறு பூசையில், காலமும் காற்றும் ஆண்டவருடையவை, அவற்றைக் கேட்டு ஞானப்பூவைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று பிரசங்கம் வைத்தார். பூசை முடிந்ததும், பூசை உடுப்பு மாற்றுகிற சக்கிறீஸ்து அறை வாசலில் அவளை நிறுத்தி, வரப்போகிற திருநாளில் சப்பரம் போகிற தெருவில் மட்டும் மழை இல்லாமல் பார்த்துக்கொள்ள முடியுமா என்று தணிந்த குரலில் கேட்டார்.

வெயிலும் காற்றும் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் வெறுங்கையோடு வரக் கூச்சப்பட்டார்கள். இவள் எஞ்சினுக்குப் பெயிண்ட் தேடுகிறாள் என்பது தெரிந்ததுதான். ஆகவே வீட்டில் மூலையில் கிடந்த மிச்சப் பெயிண்ட் டப்பாக்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கதவுக்கு அடித்ததில் மிச்சம், ஜன்னல் கம்பிக்கு அடித்ததில் மிச்சம், மாதா சிலை வைத்த கெபியில் அடித்த வெளிர்நீலத்தில் மிச்சம், யாரோ ஒரு மாப்பிள்ளையின் பைக்குக்கு வாங்கிய சிவப்பில் மிச்சம். டப்பாவின் மேலே தோல் கட்டி, அடியில் இரண்டு விரல் அளவு உயிரோடு இருக்கும். கஸ்பார் அண்ணன் ஒருநாள் வந்து ஒவ்வொன்றாகக் குச்சியால் கிண்டி, “இது சுவத்துக்கு அடிக்கிறது, தண்ணிப் பெயிண்டு, தூக்கித் தூரப் போடும். மத்ததெல்லாம் எனாமல்தான், கலக்கலாம்” என்று பிரித்துக் கொடுத்தார்.

கார்த்திகையில் நாலு பூச்சு முடிந்து, ஐந்தாவதில் மஞ்சள் தலைகாட்டியது. ஒரு பைசா அளவு தெரிந்ததுமே ஞானப்பூ தகட்டைக் கீழே வைத்துவிட்டாள். அவ்வளவுக்கே முற்றத்தில் மண் சுழன்று எழும்பி அடங்கியது. கொடியில் கிடந்த பாவாடை ஒன்று பிய்த்துக்கொண்டு வேலியில் போய் விழுந்தது.

மஞ்சள் பதினாறு வருசத்துக்கு முந்தியது. அந்தக் காலத்தில் அருளப்பனும் சந்தியாகு என்பவரும் இன்னும் இரண்டு பேரும் ஒரே வள்ளத்தில் பங்குக்குப் போனார்கள். மஞ்சள் அடித்ததற்கு முதல்நாள் ராத்திரி குழம்பில் புளி தூக்கல் என்று அருளப்பன் சொல்ல, புளிக்காத வீட்டில் போய்த் தின்னுங்கள் என்று ஞானப்பூ சொல்லிவிட்டாள். விடிந்ததும் அவன் எஞ்சினைக் கழற்றி வைத்துக்கொண்டு மஞ்சள் அடிக்க உட்கார்ந்துவிட்டான். மற்ற மூவரும் சந்தியாகுவின் மச்சானுடைய வள்ளத்தை இரவல் வாங்கிக்கொண்டு போனார்கள். பத்து மணிக்கு எந்த அறிவிப்பும் இல்லாமல் ஒரு காற்று வந்தது. மூன்று மணிக்கு நின்றது. அந்த மூன்று பேரும் வரவில்லை.

சந்தியாகுவின் பெண்சாதி கித்தேரி அப்போது பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். அதற்குப் பிறகு பதினாறு வருசத்தில் அவளும் ஞானப்பூவும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. குழாயடியில் ஒருத்தி வந்தால் மற்றவள் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள், அவ்வளவுதான்.

மஞ்சள் வந்துவிட்டது என்று தெரிந்ததும் ஊர்க் கமிட்டி கூடியது. அதைத் தொடக்கூடாது என்று முடிவானது. தலைவர் நாலு பேரோடு வந்து சொன்னார்: “அதுக்கு மேலயே புதுசா அடிச்சிரு ஞானப்பூ. அந்தக் காத்த இன்னொருக்கா இந்த ஊரு பாக்க வேண்டாம்.”

“மேல அடிச்சா நிக்காது மாமா. அங்கங்க உப்பிக் கெடக்கு. மூணு மாசத்துல பொக்களம் பொக்களமாக் கழண்டுரும். வாங்குறவரு சுத்தமா எடுக்கச் சொல்லியிருக்காரு.”

“அப்ப விக்காத.”

அவர்கள் போனபிறகு ஞானப்பூ தார்ப்பாயை இழுத்து எஞ்சினை மூடினாள். ஒன்பது நாள் அது மூடியே கிடந்தது. அடுக்களையில் நாலாவது இடத்தில் ஒழுக ஆரம்பித்தது.

பத்தாம் நாள் மத்தியானம் வாசல் தட்டி திறக்கிற சத்தம் கேட்டு ஞானப்பூ எட்டிப் பார்த்தபோது கித்தேரி நின்றுகொண்டிருந்தாள். தலைமுடி காதோரம் நரைத்திருந்தது. அவ்வளவு பக்கத்தில் இருந்து பார்த்தே வெகு காலம் ஆகிவிட்டது.

“மதினி,” என்றாள் கித்தேரி. “அந்த மஞ்சளச் சுரண்டணும்.”

ஞானப்பூவுக்கு முதலில் அது கோபமா வேண்டுதலா என்று புரியவில்லை. “ஊருல வேண்டாம்னு சொல்லியிருக்காவ” என்றாள்.

“ஊரு அந்தக் காத்தப் பாத்திருக்கு. எல்லாரும் பாத்திருக்காவ. நீங்க பாத்திய, தெரேசம்மா பாத்தா, கோயில் படியில கெடந்த நாயி பாத்திருக்கு. நான் மட்டும் பாக்கல. மூணாம் நாளு பிள்ளையத் தூக்கிக்கிட்டு வந்து கரையில எறங்குறேன், கடலு தட்டுல ஊத்துன தண்ணி மாதிரி கெடக்கு. இதுலயா போனாருன்னு கேட்டேன். ஒருத்தரும் பதில் சொல்லல. இன்ன வரைக்கும் எனக்கு அந்தத் தண்ணிதான் கண்ணுல நிக்கு. இதுல எப்படி ஒரு மனுசன் முங்குவான்னு பதினாறு வருசமா நெனச்சுக்கிட்டே கெடக்கேன். ஒருவேள முங்கலியோ, வேற எங்கயும் போயிட்டாரோன்னு கூடத் தோணியிருக்கு.”

ஞானப்பூ அடுக்களைக்குள் போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கித்தேரி வாங்கிக் குடித்தாள். பிறகு ஞானப்பூ தார்ப்பாயை எடுத்தாள்.

தகட்டை அவள் தொடவில்லை. தகடு கிறீச்சிட்டால் சத்தம் கோயில் வரை கேட்கும். ஒரு வாளித் தண்ணீர் வைத்து, உப்புத்தாளை அதில் நனைத்து நனைத்து, குழந்தைக்கு முதுகு தேய்க்கிற மாதிரி மெதுவாகத் தேய்த்தாள். சத்தம் சாய்ப்புக்கும் வேலிக்கும் நடுவில் நின்றது. காற்றும் அங்கேயே நின்றது, ஆனால் அதற்குள் அது எதையும் குறைத்துக்கொள்ளவில்லை. முதலில் மண் பறந்தது. பிறகு தார்ப்பாய் கயிற்றை அறுத்துக்கொண்டு கூரைமேல் போய் அடித்தது. மிச்சமிருந்த ஓடுகளில் எட்டு பத்து எழும்பி உடைந்தன. முருங்கை பாதியில் ஒடிந்தது. வேலிக்கு வெளியே ஒரு இலை அசையாமல், தெருவில் ஒரு கோழி தன்பாட்டுக்கு மண்ணைக் கிளறிக்கொண்டிருக்க, முற்றத்துக்குள் கடல் இல்லாத இடத்தில் கடலின் இரைச்சல் கேட்டது.

கித்தேரி முற்றத்து நடுவில் போய் நின்றாள். காற்று அவளை இரண்டு தடவை தள்ளி விழத்தட்டியது. இரண்டு தடவையும் எழுந்து நின்றாள். மூன்றாவது தடவை எழும்பாமல் மண்ணில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டாள். ஞானப்பூ தேய்த்துக்கொண்டே இருந்தாள். நிறுத்தவா என்று ஒருமுறை கத்திக் கேட்டாள். கித்தேரி தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். பத்து மணிக்கு வந்து மூன்று மணிக்குப் போன காற்று அது. அவர்கள் அதை முழுசாக இருந்து பார்த்தார்கள்.

கடைசி மஞ்சள் தேய்ந்து, மஞ்சள் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்தபோது எல்லாம் அடங்கிற்று. கித்தேரியின் முடி அவிழ்ந்து, முகமெல்லாம் மண்ணாக இருந்தது. அவள் அழுதிருந்தால் அந்த மண்ணில் தெரிந்திருக்கும். தெரியவில்லை.

“இதுல ஒருத்தரும் தப்ப முடியாது” என்றாள் கித்தேரி.

“முடியாது” என்றாள் ஞானப்பூ.

“அவுக எங்கயும் போகல.”

“போகல.”

கித்தேரி எழுந்து முடியை முடிந்துகொண்டாள். வாசல் வரைக்கும் போய்விட்டு நின்று, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: “உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல மதினி. அன்னைக்குக் கொழம்புல புளி கூடிப்போச்சுன்னு ஊருல சொன்னப்ப, என் வீட்டுல ஏன் கூடலன்னுதான் நெனச்சேன். அந்த நெனப்போட உங்க மூஞ்சியப் பாக்க முடியல.” தட்டியைப் பிடித்துக்கொண்டாள். “எனக்காவது ஒரு நாளு இருக்கு. உங்களுக்கு அதுவும் இல்ல.”

அவள் போனபிறகு ஞானப்பூ உடைந்த ஓடுகளைப் பொறுக்கி வேலியோரம் அடுக்கினாள். கித்தேரி சொன்னது வைது சொன்னது இல்லை என்று அவளுக்குத் தெரியும். அது உண்மை என்பதும் தெரியும். செத்தவனுக்குக் கல்லறை இல்லாவிட்டாலும் தேதி இருக்கிறது, அந்தத் தேதியில் பூசை வைக்கலாம். தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு சந்தையில் நிற்கிறவனுக்கு எந்தத் தேதியில் என்ன வைப்பது.

ஊரில் கமிட்டி ஒன்றும் கேட்கவில்லை. ஞானப்பூ வீட்டுக் கூரையையும் ஒடிந்த முருங்கையையும் பார்த்துவிட்டுத் தலைவர் திரும்பிப் போய்விட்டார். அடுத்த நாள் குழாயடியில் கித்தேரி குடத்தை வைத்துக்கொண்டு நின்றாள், ஞானப்பூ வந்தும் அவள் கிளம்பவில்லை. இரண்டு பேரும் தண்ணீர் வருகிறவரைக்கும் நின்றார்கள்.

மஞ்சளுக்கு அடியில் வெள்ளை, அதற்கு அடியில் மறுபடி ஒரு நீலம். இரண்டும் சாதாரண நாட்கள், ஊர் அவற்றைப் பங்குபோட்டு எடுத்துக்கொண்டது. எட்டாவது பச்சை.

பச்சை வரப்போகிறது என்று ஞானப்பூவுக்குத் தெரியும். அது அவர்கள் கலியாணம் முடிந்த மூன்றாம் நாள் அடித்தது. சண்டையில் அடிக்காத ஒரே பூச்சு அதுதான். அன்று புது எஞ்சினின் சாம்பல் நிறம் அவளுக்குப் பிடிக்கவில்லை, சவம் மாதிரி இருக்கிறது என்று சிரித்தாள், உடனே ஓடிப்போய்ப் பச்சை வாங்கி வந்தான். அவள் ஒரு பிரஷும் அவன் ஒரு பிரஷுமாக அடித்தார்கள். ஆகவே அன்றைக்கு அவள் வாசல் தட்டியைக் கயிறு போட்டுக் கட்டினாள். வெளியே பாயும் கூடையுமாக வந்து நின்ற பெண்களிடம், இன்றைக்கு ஒன்றும் கிடையாது, போங்கள் என்றாள். தலைகுளித்து, நல்ல சேலை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு, தகட்டை எடுத்தாள்.

கொண்டல் காற்று வந்தது. இளவெயில் வந்தது, அந்த வெயிலுக்குள்ளேயே பன்னீர் தெளித்த மாதிரி ஒரு தூறல் வந்தது, புன்னைப்பூ வாசம் வந்தது. இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னால் எந்த இடத்தில் நிழல் விழுந்ததோ அதே இடத்தில் சாய்ப்பின் நிழல் விழுந்தது. அவள் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள். சுரண்டினாள். வாசலைப் பார்த்தாள். சுரண்டினாள். கால் பாகம் போயிற்று, பாதி போயிற்று. வந்தது எல்லாம் வந்தது, ஆள் மட்டும் வரவில்லை. முக்கால் பாகம் போனபோது அவள் வாசலைப் பார்ப்பதை நிறுத்தினாள். வானமும் காற்றும்தான் பெயிண்டில் ஒட்டும், அடித்த கை ஒட்டாது என்று அவளுக்கு அப்போது விளங்கியது. அந்த அருமையான நாளில், தூறல் தோளில் விழுந்துகொண்டிருக்க, கட்டின சேலையோடு அவள் ஒருத்தியாக உட்கார்ந்து கடைசிப் பச்சை வரைக்கும் சுரண்டி எடுத்தாள். இதுவரை இருந்த தனிமை எல்லாம் யாரோ வருவதற்கு முந்தின தனிமை. இது அப்படி இல்லை. கூட்டி அள்ளுவதற்கு அவளுக்கு வெகு நேரம் ஆனது.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால் கடைசிப் பூச்சைத் தொட்டாள். எங்கோ ஒரு தேசத்துத் தொழிற்சாலையில் அடித்த சாம்பல் நிறம். அது எளிதில் விடவில்லை, கம்பி பிரஷைப் போட்டு ஓங்கித் தேய்க்க வேண்டியிருந்தது, சத்தம் நாலு தெரு கேட்டது, நாலு தெருவிலும் குளிர் இறங்கியது. புன்னைத்துறை அதுவரை பார்க்காத குளிர். வெள்ளையாக மூடுபனி வந்து கோயில் கோபுரத்தை மறைத்தது. வாளித் தண்ணீரின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு தோல் கட்டியது. அதை எடுத்து ஆளுக்கொரு துண்டு வாயில் போட்டுப் பார்த்தார்கள். குடிலுக்குப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் அதை விட்டுவிட்டு, இருக்கிற போர்வை, படுக்கை விரிப்பு, பழைய வலை என்று எதையெல்லாம் சுற்றிக்கொள்ள முடியுமோ அதையெல்லாம் சுற்றிக்கொண்டு ஞானப்பூவின் முற்றத்தில் வந்து நெருக்கி உட்கார்ந்தார்கள். பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. அதைப் பார்க்கவே பேசிக்கொண்டிருந்தார்கள். தெரேசம்மாள் பெரிய சட்டியில் சுக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்தாள்.

“எந்த ஊருக் குளிரு இது?” என்று தலைவர் கேட்டார்.

“தெரியல மாமா” என்றாள் ஞானப்பூ. “எனக்குத் தெரியாத ஊரு.”

அதைச் சொல்லும்போது அவளுக்கு உடம்பிலிருந்து ஏதோ பாரத்தை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இரண்டு மாசத்தில் முதல் தடவையாக, நினைவு வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றும் இல்லாத ஒரு நாள் அவள் முற்றத்தில் வந்து நின்றது. அருளப்பன் இந்தக் குளிரில் இல்லை. அவள் இல்லை. அவர்கள் இரண்டு பேரும் பிறந்து வளர்ந்த ஊரே இதில் இல்லை. அவள் கைவிரல் விறைக்க விறைக்கத் தேய்த்தாள்.

தூளை அள்ளியபோது கூட்டம் கலைந்தது. எஞ்சின் தோலுரித்த மாதிரி வெறும் இரும்பாக நின்றது. அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை, வருவதற்கு இனி ஒன்றும் இல்லை.

தை பிறந்து வானம் வெளுத்தது. அவள் ஒரு பூச்சு ரெட் ஆக்சைடு அடித்து இரண்டு நாள் காயவிட்டாள். மிச்ச டப்பாக்களை எல்லாம் பழைய புடவைத் துணியில் வடிகட்டி ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கினாள். கதவும் ஜன்னலும் மாதா கெபியும் மாப்பிள்ளை பைக்கும் சேர்ந்து, பேர் சொல்ல முடியாத ஒரு நிறம் வந்தது. மழைக்கால ஈர மண்ணுக்கும் நாவல் பழத்துக்கும் நடுவில் ஒன்று. கஸ்பார் அண்ணன் வந்து பார்த்து, “இத கம்பெனியில கேட்டாலும் கெடைக்காது” என்று சொல்லிவிட்டு, சைலன்சருக்கு மட்டும் கொஞ்சம் சில்வர் பெயிண்ட் காசு வாங்காமல் ஊற்றிக் கொடுத்தார். இரண்டு பூச்சு அடித்தாள். எந்தக் கோபத்திலும் அடிக்கவில்லை, யாருக்காகவும் அடிக்கவில்லை. ஒரு இடத்தில் வழிந்ததைப் பிரஷின் நுனியால் திருத்தினாள்.

பொங்கல் கழிந்து ராயப்பன் சொன்னபடி குட்டியானை வண்டியோடு வந்தார். சுற்றிவந்து பார்த்து, நிறத்துக்கு என்ன பேர் என்று கேட்டார். தெரியாது என்றாள். கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார், இரண்டாம் சுற்றிலேயே எடுத்துக்கொண்டது. நாலு பேர் பிடித்து ஏற்றினார்கள். கயிறு கட்டும்போது, “துணியடச்சத எடுத்துட்டியளா?” என்று கேட்டார். “எடுத்துட்டேன்” என்றாள். வண்டி வளைவில் திரும்புகிறவரைக்கும் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். அடுத்த வாரமே ஆட்கள் வந்து கூரைக்குப் புது ஓடு போட்டார்கள்.

தை கடைசியில் ஊர்க் கோயில் திருநாள் நெருங்கியது. திருநாளுக்கு முந்தின வாரம் உபதேசியார் சூசையா நோட்டும் பேனாவுமாக வீடு வீடாக வந்து, கோயிலில் ஊருக்கே ஆக்குகிற அசனச் சாப்பாட்டுக்கு எத்தனை இலை என்று எழுதிப் போவது வழக்கம். அவருக்கு எல்லா வீட்டுக் கணக்கும் மனப்பாடம். ஞானப்பூ வீட்டுக்கு, அருளப்பன் பஹ்ரைனுக்குப் போன வருசத்திலிருந்து இந்த வருசம் வரைக்கும் இரண்டு என்றுதான் எழுதுவார். அவளும் இரண்டு இலைச் சோற்றை வாங்கிவந்து, ஒன்றைத் தின்று, ஒன்றை மூடிவைத்து, மறுநாள் காலையில் கொண்டுபோய்க் கடலில் போட்டுவிட்டு வருவாள்.

அன்றைக்கும் அவர் தட்டிக்கு வெளியே நின்றபடியே எழுதிக்கொண்டு, அடுத்த வீட்டைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

“அண்ணே” என்றாள் ஞானப்பூ. “என்ன எழுதினிய?”

“வழக்கம்போலத்தான். ரெண்டு.”

“ஒண்ணுன்னு போடுங்க.”

உபதேசியார் நோட்டிலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். பேனாவை உதறி, எழுதினதை ஒரு கோட்டில் அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினார். எழுதி முடித்தும் உடனே போகாமல் நின்றார்.

“சரியாப் போட்டியளா?” என்று கேட்டாள்.

“போட்டுட்டேன் தாயி. ஒண்ணு.”

அவள் தலையாட்டிவிட்டு, தட்டியைச் சாத்திக்கொண்டு, உலை கொதிக்கிறதா என்று பார்க்க அடுக்களைக்குள் போனாள்.